அக்கா வீட்டுப் பெட்டி

வீடு வீடாக இணையப் பெட்டி மாட்டுகிற வேலை அவனுக்கு. ஒவ்வொரு அறையிலும் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து அலை எங்கே கிடைக்கிறது என்று பார்ப்பான். அதனால் அவனுக்கு சிக்னல் என்று பெயர் வந்தது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நடந்துகொண்டே இருப்பான்.

எந்த வீட்டுக்குப் போனாலும் அவன் பாடுவது ஒரே பாட்டுத்தான்.

"அஞ்சு வருஷங்க. அதுக்கு மேல ஓடினா உங்க அதிர்ஷ்டம். முதல்ல போறது பெட்டி இல்ல, அடாப்டர். வெயில் நாள்ல அதுக்கு மூச்சு வாங்கும். கரண்ட் சரியா வராம பெட்டி தானா செத்துச் செத்துப் பொழைக்கும். அதையும் தாண்டிட்டா, செஞ்ச கம்பெனிக்காரனே கைகழுவிடுவான். புதுசா எதுவும் அனுப்ப மாட்டான். அப்புறம் பெட்டி உயிரோட இருக்கும், ஆனா ஊர்ல ஓடுற வேகத்துக்கு அதால ஓட முடியாது."

"எங்க வீட்டு மிக்ஸி பதினாறு வருஷமா ஓடுதேப்பா" என்று யாராவது மடக்குவார்கள்.

"மிக்ஸி ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் ஓடுதுங்க. மிச்ச நேரம் தூங்குது. இது கண்ணு மூடுறதே இல்ல."

சொல்லிக்கொண்டே அவன் பெட்டியைத் திருப்பி, அடியில் வெள்ளை டேப் ஒட்டி, மார்க்கர் பேனாவால் மாதமும் வருடமும் எழுதுவான். கூட வேலை செய்கிறவர்கள் யாரும் அந்த வேலை வைத்துக்கொள்வதில்லை. "பொறந்த தேதி எழுதாம ஆஸ்பத்திரியில புள்ளையை வீட்டுக்கு அனுப்புவானா?" என்று அவர்களைக் கேட்பான். பன்னிரண்டு வருடத் தொழிலில் ஆயிரக்கணக்கான பெட்டிகள். அத்தனையிலும் தேதி சரியாகத்தான் இருக்கும்.

ஒன்றைத் தவிர. அது அவனுடைய அக்கா வீட்டுப் பெட்டி.

அக்கா கூப்பிட்டபோது அவன் ஒரு மருந்துக்கடையின் பின்சுவரில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தான். காலை பத்தரை மணி. அந்த நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள். எட்டு மணிக்குக் காதில் ஹெட்போனை மாட்டினால் நாலு மணிக்குத்தான் கழற்றுவாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிற போன்களை வீட்டில் உட்கார்ந்தபடியே எடுத்து, எந்த டாக்டர், எந்தக் கிழமை, எத்தனை மணி என்று பதிந்து கொடுக்கிற வேலை. மூன்று வருடமாக அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவள் குரலில்தான். மாமா சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவர். சாரத்திலிருந்து விழுந்து முதுகு போன பிறகு இடுப்பில் பெல்ட்டும் கையில் கம்புமாக வீட்டோடு இருக்கிறார்.

"சாப்பிட்டியா தம்பி?" என்றாள். உலகமே இடிந்தாலும் அவளுக்கு அதுதான் முதல் கேள்வி.

"ஆச்சுக்கா. என்ன இந்த நேரத்துல?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து மூணாவது கடுதாசி வந்துடுச்சுடா. நான் பேசிக்கிட்டு இருக்கும்போதே லைன் அறுந்து அறுந்து போகுது, அதுக்குத்தான். வெள்ளிக்கிழமையோட நின்னுக்கோன்னு போட்டிருக்காங்க."

"எதுக்காம்? லைன் போறதுக்கு நீ என்ன பண்ணுவ?"

"மேற்பார்வை பாக்குற அம்மா உங்க ஆபீஸ்லயே விசாரிச்சிருக்கு. லைன் சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டாங்களாம். அப்ப நானேதான் சுவிட்சை அணைச்சுட்டுப் போய்ப் படுத்துக்கறேனாம். வாயால சொல்லல. ஆனா பேச்சு அப்படித்தான் இருந்துச்சு. என் வயசுக்கு இதைக் கேக்கணுமாடா?"

"பெட்டியில கோளாறா இருக்கும்னு சொல்ல வேண்டியதுதானே?" வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் எதைச் சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

"அதெப்படிச் சொல்லுவேன்? அந்தம்மாவே கேட்டுச்சு, பெட்டி பழசான்னு. இல்லம்மா, என் தம்பி புதுசா வாங்கிப் போட்டது, அவன் இதே தொழில்ல இருக்கறவன், அதுல ஒரு குறையும் இருக்காதுன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்."

அவன் ஏணியில் இரண்டு படி இறங்கி, தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டான்.

"நாளைக்குள்ள உங்க ஆபீஸ் ரிப்போர்ட் ஒண்ணு குடுத்தா மறுபடி பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க. நீ வந்து பாத்து எழுதிக் குடுடா. வயர்ல கியர்ல எங்கயாவது எலி கடிச்சிருக்கும்."

"வரேன்கா" என்றான்.

மூன்று வருடம் முன்னால் அவளுக்கு இந்த வேலை கிடைத்த அன்று அவன்தான் மார்தட்டிக்கொண்டு சொன்னான். "உனக்குப் புதுப் பெட்டி நான் போடறேன்கா. நீ ஒண்ணும் யோசிக்காத." சொன்னபோது வாங்கித் தருகிற எண்ணம்தான். கையில் காசும் இருந்தது. அதே வாரம் ஒரு பல் டாக்டர் வீட்டில் ஆறு வருடம் ஓடின பெட்டியைக் கழற்றினான். அஞ்சு வருஷம்தான் என்று அவரிடம் பாட்டுப் பாடிக் கழற்ற வைத்ததும் அவனேதான். கழற்றியதை ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். அங்கே சாக்கில் போட்டு நொறுக்க அனுப்பிவிடுவார்கள். பளிச்சென்று இருந்த பெட்டியைப் பார்த்ததும் அவனுக்கு மனசு வரவில்லை. ஸ்டோர் ஏட்டில் அந்தப் பெட்டியின் நம்பருக்கு நேரே 'உடைந்தது, நொறுக்கப்பட்டது' என்று எழுதிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தான். பழைய டேப்பை உரித்துப் புது டேப் ஒட்டி அன்றைய மாதத்தை எழுதினான். வேறு பெட்டி வந்த அட்டைப்பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்து, உள்ளே வைத்து, மேலே கண்ணாடி டேப் ஒட்டினான். அக்கா கத்திரிக்கோல் எங்கே என்று தேடியபோது, அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் அவன்தான். அவள் டேப்பை வெட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு. அன்று ராத்திரியே நூல் எடுத்து உட்கார்ந்து, பெட்டிக்கு மேலே போட ஒரு பூ வேலைத் துணி பின்னத் தொடங்கிவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "என் தம்பி போட்டது" என்பாள்.

ஊருக்கு அஞ்சு வருஷம் சொன்னவன் அக்காவுக்கு மட்டும் பத்து வருஷம் ஓடும் என்று நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொண்டால் ஓடிவிடுமா?

அவன் போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. மூன்றாவது மாடி, மேலே வெறும் தளம். வெயில் சீலிங் வழியாகவே இறங்கியது. மாமா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள. அடுப்பு வேலை என் டிபார்ட்மென்ட் ஆயிடுச்சு, பாத்தீங்களா?"

அக்கா கை காட்டினாள். பேசிக்கொண்டிருந்தாள். வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு குரல் அது. நிதானமும் சுத்தமும் கொஞ்சம் இனிப்புமாக. "முன்பதிவுப் பிரிவு, வணக்கம். நோயாளியின் பெயரைச் சொல்லுங்க." நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து கன்னத்தில் இறங்கியது. துப்பட்டாவால் ஒற்றிக்கொண்டே எழுதினாள்.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு மேசை விசிறி. அது அவளைப் பார்த்து இல்லை, மாமாவைப் பார்த்தும் இல்லை. முக்காலி மேல் ஏறி நின்று பெட்டிக்கு மட்டும் காற்று வீசிக்கொண்டிருந்தது.

சிக்னல் அதைப் பார்த்தபடி நின்றான்.

"துணி போட்டு மூடினதுலதான் சூடாயிருக்கும்னு அவளுக்கு ஒரு இது" என்றார் மாமா, குரலைத் தாழ்த்தி. "பதினஞ்சு நாள் முன்னாடி துணியை எடுத்துட்டா. அப்பவும் நிக்கல. அப்புறம் ஃபேனைத் திருப்பிட்டா. அது நல்லா இருந்தாத்தானே நாம நல்லா இருக்கலாம்னு சொல்றா. நானும் வேர்க்கட்டும்னு விட்டுட்டேன்."

இரண்டு மணி தாண்டியிருக்கும். அக்கா ஒரு வயசான மனிதரோடு பேசிக்கொண்டிருந்தாள். அவர் சத்தமாகப் பேசியது ஹெட்போனைத் தாண்டி அறைக்குள் கேட்டது. மனைவிக்கு மூச்சு விட முடியவில்லை, காலையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார், மூன்று தடவையும் பாதியில் போய்விட்டது. "கட் பண்ணிடாதம்மா" என்றார். "இல்லைங்க ஐயா, நான் இங்கதான் இருக்கேன், சொல்லுங்க" என்று அக்கா சொன்னாள். பெட்டியில் பச்சை விளக்கு அணைந்தது.

பிறகு சிவப்பு வந்தது.

"ஐயா... ஐயா?" என்றாள். யாரும் இல்லை என்று தெரிந்தும் இன்னொரு தடவை, "ஐயா" என்றாள். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெட்டியையே பார்த்தாள். பெட்டி செத்துப் பிழைக்க மூன்று நிமிடம். பச்சை வந்ததும் அவள் அந்த மனிதரின் நம்பருக்கு அடித்தாள். எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தார். வேறு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டதாகச் சொன்னார். அவள் மன்னிப்புக் கேட்டாள். மூன்று தடவை கேட்டாள்.

பிறகு தம்பியைப் பார்த்து, "நான்தான்டா பாழ் பண்ணிட்டேன்" என்றாள். "நல்ல பெட்டியைத் துணியைப் போட்டு மூடி மூச்சு முட்ட வச்சிட்டேன். நீ ஆசையா வாங்கிக் குடுத்தது. உன்கிட்ட சொல்லவே கூச்சமா இருந்துச்சு."

எண்சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகிப் போவது என்பார்களே, அது சும்மா பேச்சில்லை என்று சிக்னலுக்கு அப்போது தெரிந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அதற்குள் அடுத்த போன் வந்துவிட்டது. அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முன்பதிவுப் பிரிவு, வணக்கம்" என்றாள்.

அவன் அடாப்டரைத் தொட்டுப் பார்த்தான். கை வைக்க முடியவில்லை. பையில் வேறு அடாப்டர் இருந்தது, மாற்றினான். இதனால் இரண்டு மூன்று மாதம் தாக்குப் பிடிக்கும். ஆனால் ரிப்போர்ட்? பையிலிருந்து ஆபீஸ் படிவத்தை எடுத்தான். கோளாறின் காரணம் என்று ஒரு கட்டம். அங்கே அடாப்டர் என்று எழுதிவிடலாம். அதற்கு மேலே இரண்டு கட்டம். பெட்டியின் நம்பர், பெட்டியின் வயது. நம்பர் இல்லாத ரிப்போர்ட்டை யாரும் வாங்க மாட்டார்கள். நம்பரை எழுதினால் ஆபீசில் தட்டிப் பார்ப்பார்கள். மூன்று வருடம் முன்னால் நொறுக்கப்பட்ட பெட்டி எப்படி ஒரு வீட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறது என்று கேட்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை அவனுக்கு அதற்கு மேல் தெரியவில்லை.

பேனாவை மூடினான், திறந்தான், மூடினான்.

"மாப்ள" என்றார் மாமா. கிழங்கு முடிந்துவிட்டது. கத்தியைத் துடைத்து வைத்தார். "இருபத்திரெண்டு வருஷம் வெள்ளை அடிச்சிருக்கேன். பால் வெள்ளை, முட்டை வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை, எது எத்தனை நாள்ல என்ன நிறத்துக்கு வரும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

சிக்னல் நிமிரவில்லை.

"வெயில் படாத மூலையில இருக்கற வெள்ளை, மூணு வருஷத்துல இந்த மஞ்சளுக்கு வராது. வந்தப்பவே காத்துப் போற ஓட்டைக்குள்ள மஞ்சளாத்தான் இருந்துச்சு. மேல மட்டும் துடைச்சிருந்தீங்க."

"மாமா..."

"நான் அவகிட்ட சொல்லல. அவ சந்தோஷமா இருந்தா. அதைக் கெடுக்க நான் யாரு? ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு இருந்துட்டேன். அது என் தப்பு. இப்பவும் நான் சொல்ல மாட்டேன்." கம்பை ஊன்றி எழுந்தார். "நீங்க சொல்லுங்க. இல்ல, அவ கெட்ட பேரோட வேலையை விட்டு வரட்டும். ரெண்டுல ஒண்ணு. எனக்குக் கிழங்கு வேகணும்."

மாமா கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். மூன்று வருடமாக அந்த மனிதர் தன்னை உட்கார வைத்து டீ கொடுத்து, மாப்ள மாப்ள என்று கேலி பேசியதெல்லாம் இதைத் தெரிந்துகொண்டுதான் என்று நினைத்தபோது அவனுக்குக் காது மடல் எரிந்தது. குனிந்து எழுதத் தொடங்கினான். நம்பரை எழுதினான். வயது என்ற இடத்தில் ஒன்பது என்று எழுதினான். கீழே கையெழுத்துப் போட்டான்.

நாலு மணிக்கு அக்கா ஹெட்போனைக் கழற்றினாள். காதைத் தேய்த்துக்கொண்டே உள்ளே போய் டீ போட்டாள். இரண்டு முட்டை உடைத்து ஊற்றினாள், ரொட்டியை அதே கல்லில் போட்டு எடுத்தாள். தட்டை அவன் முன்னால் வைத்தாள். "மொகம் ஏன்டா செத்துப் போயிருக்கு? சாப்பிடு."

அவன் படிவத்தை நீட்டினான்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தாள். எதைப் படித்தாலும் சத்தமாகப் படிக்கிற பழக்கம் அந்த வேலையில் வந்தது. "பெட்டியின் வயது, ஒன்பது ஆண்டுகள். முன்பு வேறு வாடிக்கையாளர் வீட்டில் ஆறு ஆண்டுகள் ஓடியது. கழற்றிய பெட்டியை இந்த வீட்டில் பொருத்தியவர், கீழே கையொப்பமிட்டிருப்பவர். வாடிக்கையாளர் மீது தவறில்லை." கடைசி வரி வரைக்கும் அந்த ஆஸ்பத்திரிக் குரல் தடுமாறவில்லை.

படிவத்தை மேசையில் வைத்தாள்.

"அப்ப அந்த அட்டைப்பெட்டி?"

"வேற ஒண்ணோடதுக்கா."

"நான் கத்திரிக்கோல் தேடினேன்ல. நீதானே எடுத்துக் குடுத்த."

"ஆமாக்கா."

"காசு இல்லையா அப்ப? சொல்லியிருந்தா நானே..."

"இருந்துச்சு." இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "வாங்கணும்னுதான் இருந்தேன். இது கையில வந்துச்சு. நல்லா இருந்துச்சு. உனக்கு இது போதும்னு தோணிடுச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் அது எவ்வளவு அசிங்கமான பேச்சு என்று அவனுக்கே தெரிந்தது. சின்ன வயதிலிருந்து வீட்டில் எது வந்தாலும் பெரிய பங்கு அவனுக்கு வந்தது. உடைந்தது, வளைந்தது, மிஞ்சியது எல்லாம் அவளுக்குப் போனது. எனக்கு இது போதும் என்று அவளே சொல்லித்தான் எடுத்துக்கொள்வாள். அவள் சொல்ல வேண்டியதை இந்தத் தடவை அவன் சொல்லிக்கொண்டான், அவ்வளவுதான்.

"எனக்கு இது போதும்னு" என்றாள் அக்கா. கேள்வியாக இல்லை, ஒரு தகவலைச் சரிபார்த்துக்கொள்வது மாதிரி.

"இதைக் குடுத்தா உனக்கு என்ன ஆகும்?" என்று அவளே கேட்டாள்.

"விசாரிப்பாங்க. தெரியல."

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"போட்டுட்டேன்."

அவள் எழுந்து போய், முக்காலியில் இருந்த விசிறியை எடுத்து மாமா பக்கம் திருப்பி வைத்தாள். படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "முட்டை ஆறுது. சாப்பிட்டுட்டுப் போ" என்று சொல்லிவிட்டு உள் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை. ஆனால் திரும்பி வரவும் இல்லை. அவன் அந்த முட்டையைத் தின்று முடித்தான். தின்னாமல் போவது இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

அக்காவின் வேலை தப்பித்தது. மேற்பார்வை பார்க்கிற அம்மாளே போன் செய்து வருத்தம் சொன்னதாக மாமா மூலம் தெரிந்தது. சிக்னலை ஆபீசில் ஒரு மாதம் வெளியே அனுப்பவில்லை. ஸ்டோரில் உட்கார்ந்து, கழற்றி வந்த பெட்டிகளை எண்ணிச் சாக்கில் போடுகிற வேலை கொடுத்தார்கள். ஸ்டோர்க்காரர் ஒவ்வொரு சாக்கு கட்டும்போதும் அவன் பையைத் திறந்து பார்த்தார். முதல் நாள் சிரித்துக்கொண்டே பார்த்தார். அதற்கப்புறம் சிரிக்காமல் பார்த்தார். அவன் தினமும் தானாகவே பையைத் திறந்து காட்டப் பழகிக்கொண்டான்.

அந்த மாதத்தில் இரண்டு தடவை கடையில் புதுப் பெட்டி வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். முதல் தடவை, "அவ தூங்கறா மாப்ள" என்றார் மாமா. இரண்டாவது தடவை அக்காவே கதவு வரைக்கும் வந்து, "இல்லடா, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

தெரு வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள் காலையில், அன்று போக வேண்டிய வீடுகளின் பட்டியல் போனில் வந்தது. நாலாவது முகவரி அவள் வீடு. வாடிக்கையாளர் எண்ணுக்குக் கூப்பிட்டு, வரிசையில் காத்திருந்து, புதுப் பெட்டிக்குப் பதிந்திருக்கிறாள். வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்கலாமா என்று ஒரு தெரு முழுக்க யோசித்துக்கொண்டே நடந்தான். கேட்கவில்லை.

அக்கா கதவைத் திறந்தாள். ஒரு நொடி பார்த்தாள்.

"வாங்க" என்றாள். "செருப்பு அங்க விட்டுக்கலாம்."

மாமா நாற்காலியில் இருந்தார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

சிக்னல் புது அட்டைப்பெட்டியை நீட்டினான். அவள் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், நாலு பக்கமும் ஒட்டிய சீல் உடையாமல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். நகத்தால் ஒரு ஓரத்தைக் கீறிப் பார்த்தாள். கத்திரிக்கோலை அவளே எடுத்து வந்தாள். வெட்டித் திறந்தாள். உள்ளே இருந்த பெட்டியைத் திருப்பி, காற்றுப் போகிற ஓட்டைக்குள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். மாமாவிடம் கொடுத்தாள். அவரும் பார்த்துவிட்டு, "வெள்ளைதான்" என்றார்.

அவன் மாட்டினான். கை பழகிய வேலை, பத்து நிமிடம்தான். இருந்தும் இரண்டு தடவை வயரைத் தவறாகச் செருகினான். பச்சை வந்தது.

"இது எத்தனை வருஷம் வரும்?" என்று கேட்டாள்.

"அஞ்சு வருஷங்க. அதுக்கு மேல..." பாட்டைப் பாதியில் விட்டான்.

"தேதி எழுதிடுங்க. அடியில."

எழுதினான். அவள் சுவர்க் காலண்டரைப் பார்த்து ஒத்துப் பார்த்தாள். பிறகு அவன் நீட்டிய போனில் விரலால் கையெழுத்துப் போட்டாள். வேலை எப்படி இருந்தது என்று கேட்கிற இடத்தில், நன்று என்பதைத் தொட்டாள். நல்ல வேலைக்கு எல்லோரும் தொடுகிற இடம் அது.

சாமான்களைப் பையில் போட அவனுக்கு எப்போதும் ஒரு நிமிடம் ஆகும். அன்று மூன்று நிமிடம் ஆயிற்று. ஸ்குரூ டிரைவரை உள்ளே வைத்தான், எடுத்தான், பையின் வேறு அறையில் வைத்தான். சாப்பிட்டியா என்று கேட்பாள். எப்படியும் கேட்டுவிடுவாள். நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவள். அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம் கேட்டது.

அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாத்து இறங்குங்க" என்றாள். "ரெண்டாவது மாடியில ஒரு படி உடைஞ்சிருக்கு. புதுசா வரவங்களுக்குத் தெரியாது."

அந்தப் படியை அவனுக்கு நன்றாகத் தெரியும். நாலு வருடம் முன்னால் அதில் தடுக்கி விழுந்தவனும் அவன்தான். முழங்காலுக்கு மருந்து போட்டுவிட்டவள் அவள்தான்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.